எங்கள் நகரில் கூழ் ஊற்றிய ஞாயிறு

மனை விற்றவர் கொடுத்த வண்ணத்தாளில் 'குடும்பத்தோடு வாழ ஏற்ற இடம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், ஊர் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிற இடத்தில் ஒரு அலங்கார வளைவு வரும். அதற்குள் நுழைந்தால் எங்கள் நகர். தார் போட்ட தெருக்கள், பிள்ளைகள் ஓடுவார்களே என்று அடிக்கொரு வேகத்தடை, ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்த பூங்கா. காலையில் பள்ளி வேன்கள் வரிசையாக வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். சாயங்காலம் அதே பிள்ளைகள் சைக்கிள் மணியடித்துக்கொண்டு தெருவைச் சுற்றும். குடும்பம் என்று ஒன்று கூடவே இருந்தால், இதைவிட நல்ல இடம் கிடையாது. என் குடும்பம் பெங்களூரில் இருந்தது. அதுதான் சங்கதி.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும் பார்த்துக்கொள்ளப் போன என் மனைவி அங்கேயே தங்கவேண்டியதாகிவிட்டது. மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். குழந்தையை யாரிடம் விடுவது? அவர்கள் வீடு இரண்டே அறை, மருமகனின் அம்மாவும் அங்கேதான். நானும் போய்ப் பார்த்தேன். ஹாலில் பாய் விரித்துப் படுத்தால், நான் எழுந்தால்தான் மற்றவர்கள் நடக்க முடியும். பேசாமல் திரும்பி வந்துவிட்டேன்.

நான் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுவிட்டது. மிச்சப் படிப்பெல்லாம் பயணிகள் வாயிலிருந்து கேட்டதுதான். தென்னேரியில் ஒரு அம்மாள் ஏறுவார். கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டு, "கண்டக்டரு, எடம் இல்லன்னா பரவாயில்ல. பேசறதுக்கு ஒரு ஆளக் காட்டு, வாலாஜாபாத் வரிக்கும் நின்னுக்கினே வரேன்" என்பார். அப்போது சிரித்தேன். எங்கள் நகரில், விசாலமான ஹாலில், ஆறு பேர் உட்காரும் சோபாவில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கும்போது அந்த அம்மாள் சொன்னதன் கனம் தெரிந்தது.

இதை மனைவியிடம் சொல்ல முடியாது. சொன்னால் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். மகளின் வேலை போய்விடும். அதனால் போனில் ஒரு கதை கட்டிவைத்திருந்தேன். எதிர்வீட்டுத் தம்பியும் நானும் நெருங்கிய சிநேகிதர்கள். தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடக்கப் போகிறோம். அவளுக்கு நிம்மதி. உண்மையில் அந்தத் தம்பி ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம், "குட்மார்னிங் சார்", "பார்சல் வந்தா வாங்கி வெச்சிருங்க சார்", அவ்வளவுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஆடி வந்தது. மகளுக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் ஆடியில் கூழ் ஊற்றுவதாக என் மனைவி அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். முன்பு காஞ்சிபுரத்துக்குள் பிள்ளையார்பாளையத்தில் குடியிருந்தவரை கூழ் ஊற்றுகிறோம் என்று யாரையும் கூப்பிடவே வேண்டாம். அண்டாவை வாசலில் வைக்கிற சத்தத்துக்கே சொம்போடு நிற்பார்கள். நான் அங்கே கொண்டுபோய் ஊற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் வாணாம். இப்ப நம்ம தெரு இதுதான, இங்கயே ஊத்துங்க. நாலு வீட்டு ஜனம் வந்து குடிக்கணும். கீழ கொட்டக் கூடாது. நான் வீடியோவுல பாப்பேன், சொல்லிட்டேன்" என்றாள்.

முந்தின நாள் சமையல் மேடையில் போனை உப்பு ஜாடிமேல் சாய்த்துவைத்து, அவள் சொல்லச் சொல்லக் கேழ்வரகு மாவைக் கரைத்து, நொய்யோடு சேர்த்துக் கிளறினேன்.

"கிளறுங்க, கிளறுங்க. அங்க இன்னா பாக்கறீங்க? அடி புடிக்குது!"

"போன்ல உனக்கு வாசன வருதா இன்னா?"

"உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

நகர்வாசிகள் வாட்ஸப் குழுவில், 'நாளை காலை எங்கள் வீட்டில் ஆடிக் கூழ், அனைவரும் குடும்பத்துடன் வருக' என்று போட்டேன். கும்பிடு கைகள் மழையாகக் கொட்டின. ஒருவர் அம்மன் படம் அனுப்பினார், ஒருவர் பூங்கொத்து அனுப்பினார். பஸ்ஸுக்கு ஒருவர் கை காட்டினால் ஏறப்போகிறார் என்று அர்த்தம். பழக்கதோஷம், இத்தனை கைகளும் வரப்போகின்றன என்று நினைத்து இன்னும் ஒரு பங்கு மாவைக் கரைத்தேன்.

ஞாயிறு காலை கேட்டுக்கு வெளியே மேஜை போட்டு, வேப்பிலை கட்டி, அண்டாவை வைத்தேன். நறுக்கின சின்ன வெங்காயம், முருங்கைக்கீரைப் பொரியல், மாங்காய், எல்லாம் தயார். "கூழ் ஊத்தறோம், வாங்க!" என்று பஸ்ஸில் கத்தின குரலில் கத்தினேன். நாய் ஒன்று குரைத்தது. மாடியில் ஒரு ஜன்னல் திறந்து, பார்த்து, மூடிக்கொண்டது.

பிறகு கார்கள் புறப்பட ஆரம்பித்தன. அபாகஸ் வகுப்பு, மெட்ராஸ் மால், மாமியார் வீடு. ஒவ்வொரு காரும் என் மேஜைப்பக்கம் மெதுவாகி, கண்ணாடி இறங்கும். "அங்கிள், வந்துட்டு வாங்கிக்கறோம்." "ஆகட்டும்மா." கண்ணாடி ஏறிவிடும். எல்லாரும் மரியாதையானவர்கள், அதில் குறை சொல்ல முடியாது.

அண்டாவில் அளவு குறையவில்லை. தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினேன். ஒரு வீட்டில் மணியை அழுத்தினால் மணியே பேசியது.

"யாரு? சேல்ஸா?"

"இல்லமா, மூணாவது வீடு. கூழு கொண்டாந்தேன்."

"கேட்டுல மாட்டிட்டுப் போங்க அங்கிள், ஒரு போன் கால்ல இருக்கேன்."

இன்னொரு வீட்டில் உடற்பயிற்சி முடித்த ஒருவர் வியர்வையோடு வந்தார். "மில்லட்டா அங்கிள்? சூப்பர். சுகர் போடலதான?" என்று கேட்டு, தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். ஒரு சின்னப் பெண் சாக்லேட் பால் என்று நினைத்து ஒரு வாய் குடித்துவிட்டு, நான் ஏதோ அவளை ஏமாற்றிவிட்டது போல என்னைப் பார்த்தாள். வாட்ச்மேன் மட்டும் உட்கார்ந்து இரண்டு சொம்பு குடித்தார். "உப்பு கம்மிங்க ஐயா" என்றார். அன்றைக்குக் கூழைப் பற்றிக் கூழாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். எதிர்வீட்டு மணிக்குப் பதில் இல்லை. நைட் ஷிஃப்ட் போய் வந்து தூங்குகிறார் போலும். அங்கேயும் ஒரு பாத்திரத்தைக் கேட்டில் மாட்டிவிட்டு வந்தேன்.

உச்சி வெயிலில் பாதிக்குமேல் நிறைந்த அண்டாவோடு நான் நிற்கும்போது மனைவி வீடியோவில் கூப்பிட்டாள். எடுக்காவிட்டால் சந்தேகப்படுவாள். எடுத்தால் அண்டா காட்டிக்கொடுத்துவிடும். முகம் மட்டும் தெரிகிற மாதிரி போனைக் கிட்டத்தில் பிடித்தேன்.

"இன்னாங்க, ஆச்சா? அண்டாவக் காட்டுங்க."

"கையெல்லாம் கூழா இருக்குது."

"அப்ப போன எதால புடிச்சிக்கினு இருக்கீங்க? சரி, எங்க ஜனம்? ஒரு சத்தத்தையும் காணம்?"

"இப்பதான் குடிச்சிட்டுப் போனாங்க."

"உங்க கூட்டாளி எங்க? அந்தத் தம்பிய காட்டுங்க, ஒரு வார்த்த பேசறேன்."

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு கேட் திறந்தது. தம்பி அரைக்கால் சட்டையோடு, தூங்கி எழுந்த முகத்தோடு, நான் மாட்டிவிட்டு வந்த பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தார். "தேங்க்ஸ் சார்" என்று அவர் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது.

"அவருதான? குடுங்க போன!"

கொடுத்தேன். வேறென்ன செய்ய?

"தம்பி, தெனமும் எங்க வீட்டுக்காரர இழுத்துக்கினு வாக்கிங் போறீங்களாமே. ரொம்ப தேங்க்ஸ்பா. தனியா இருக்கறாரேன்னு எனக்கு ஒரே விசாரம்."

தம்பி என்னைப் பார்த்தார். நான் அண்டாவைப் பார்த்தேன். பஸ்ஸில் பாம்பு ஏறிவிட்டது என்று யாரோ கத்தியபோதுகூட என் நெஞ்சு அப்படி அடித்துக்கொள்ளவில்லை.

"ஆமா ஆன்ட்டி," என்றார் அவர், மெதுவாக. "சார்கூட போனா டைம் போறதே தெரியாது. ரொம்ப நல்லா பேசுவாரு. நீங்க கவலப்படாதீங்க."

அவள் சிரித்தாள். அந்தப் பக்கம் குழந்தை அழ, போனை வைத்துவிட்டாள். தம்பி போனை என்னிடம் நீட்டினார். ஏன் என்று கேட்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் கூழ் குடிக்கறியாபா?" என்று கேட்டேன். சொல்லவேண்டியது எத்தனையோ இருக்க, அதுதான் வந்தது.

"வயிறு ஃபுல் சார். மறுபடி டூட்டிக்குப் போகணும், கொஞ்சம் தூங்கறேன்." கழுவின பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கேட் சாத்திக்கொண்டது.

சாயங்காலம் அவள் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"அந்தத் தம்பி உங்ககூட ஒரு நாளும் நடந்ததில்ல, இல்லையா?"

"ஏன் அப்படிச் சொல்ற?"

"தெனமும் உங்க பேச்ச கேக்கறவரா இருந்தா உங்க மேல ஒரு புகாராவது சொல்லியிருப்பாரு. ஒண்ணுமே சொல்லல. அவ்ளோ மரியாதையா பேசறாரு."

நான் மேஜையில் கட்டியிருந்த வேப்பிலையை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"நான் வந்துடட்டுமா?"

பின்னால் குழந்தை எதையோ தட்டி விளையாடும் சத்தம் கேட்டது. வா என்ற ஒரு எழுத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "புள்ள தூங்கலையா இன்னும்?" என்று கேட்டேன்.

"தூங்கல," என்றாள். பிறகு, "மிச்சக் கூழ் இருக்குதா?"

"இருக்குது."

"கொட்டிடாதீங்க. மோர் ஊத்தி வெச்சிக் குடிங்க."

அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. அவள் போனை வைக்கவும் இல்லை. அங்கே எங்கேயோ ஒரு மேடைமேல் சார்த்திவிட்டு அடுப்பு வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். குக்கர் சத்தம் போட்டது. சம்பந்தியம்மாள் காபித்தூள் எங்கே என்று கேட்டார். இங்கே தெருவில் கார்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. தூங்கிப்போன பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக கேட்டைத் திறந்து உள்ளே போனார்கள். நான் போனை மேஜைமேல் வைத்து, ஒரு டம்ளர் கூழை ஊற்றிக்கொண்டு, அங்கே பாத்திரம் விளக்கும் சத்தம் ஓயும்வரை உட்கார்ந்து குடித்தேன். வாட்ச்மேன் சொன்னது சரிதான். உப்பு கம்மி.