மெதுவாக ஓடும், திட்டும்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, உள்ளே ஒன்றுமே எழுதாத ஒரு நிரலை ஓட்டிப் பார்த்தது. சனிக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையில் இந்தப் பக்கம் அவள் மடிக்கணினி, அந்தப் பக்கம் என்னுடையது, நடுவில் ஆறிப்போன தேநீர்.

அம்மா வேலை பார்த்த நிறுவனம் ஒரு நிரல்மொழியை உருவாக்கி விற்கிறது. கடை ரசீது இயந்திரம், கிடங்கு, சின்னப் பட்டறை என்று பல இடங்களில் அது ஓடுகிறது. தங்கள் கருவிகளை அந்த மொழியோடு இணைக்க வெளியாட்கள் எழுதும் துணை நிரலுக்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். எக்ஸ்டென்ஷன் நினைவகத்தில் தப்பாகக் கை வைத்தால் சாதாரணப் பதிப்பு கண்டுகொள்ளாது. சமாளித்து ஓடி, வேறெங்கோ போய் விழும். டீபக் பில்ட் என்ற பதிப்பு ஒவ்வொரு அடியையும் சரிபார்த்துச் சரிபார்த்து மெதுவாக ஓடும். தப்பு நடந்த இடத்திலேயே நின்று, செய்தது யார் என்று சொல்லும். அதைத் தயாரித்து, எக்ஸ்டென்ஷன் எழுதுபவர்களுக்குக் கொடுப்பது அம்மாவின் வேலை.

வேதியியல் படித்துவிட்டு, அங்கே தபால் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தவள். அப்போது டீபக் பில்டைக் குறுவட்டில் போட்டு அஞ்சலில் அனுப்புவார்கள். உறைமேல் சிவப்பு மையில் "மெதுவாக ஓடும், திட்டும்" என்று எழுதுவாள். என்ன அனுப்புகிறோம் என்று கேட்கப்போய், கற்றுக்கொண்டு, அந்த மேசைக்கே வந்து சேர்ந்தாள். எல்லாம் இணையத்துக்குப் போன பிறகும் அதைப் பொதுவில் திறந்து வைக்கவில்லை. கேட்டவரைப் போனில் கூப்பிடுவாள். "இதைக் கஸ்டமர் தலையில கட்டிருவீங்களா?" என்பது முதல் கேள்வி. ஒருவர் அப்படிக் கட்டியதில் ஒரு கடையின் ரசீது வரிசை தெருவரைக்கும் வந்துவிட்டிருந்தது.

"எல்லாரும் ஓடுறதை விக்கிறாங்க. உங்கம்மா நின்னுபோறதைக் குடுக்குறா" என்பார் அப்பா.

"எங்க நிக்குதுன்னாவது சொல்லுதுல்ல? உங்க வண்டி அதுகூடச் சொல்லாது."

எழுதுபவர்களை அவர்கள் இணைக்கும் கருவியை வைத்துத்தான் குறிப்பிடுவாள். கதவுக்காரம்மா, பார்கோடு, தராசுக்காரர். தராசுக்காரர் மின்தராசுக்கான எக்ஸ்டென்ஷனை எழுதினார். விற்பனையை அவருடைய மச்சான் பார்த்துக்கொண்டார்.

போன வருடம் அந்த எக்ஸ்டென்ஷன் டீபக் பில்டில் நின்றது. ஒரு தடவை மட்டுமே விடுவிக்க வேண்டிய நினைவகத்தை இரண்டு தடவை விடுவித்ததாகவும், செய்தது தராசு எக்ஸ்டென்ஷன் என்றும் திரையில் வந்தது. தராசுக்காரர் நம்பவில்லை. மச்சானையும் கூட்டிக்கொண்டு அம்மாவின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"மேடம், வரி வரியாப் பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல."

"உங்க கோட்லதான் சார் இருக்கு. இன்னொரு தடவை பாருங்க."

"இவரு வீட்லயும் இப்படித்தான் மேடம்" என்றாராம் மச்சான். "எது உடைஞ்சாலும் நான் இல்லம்பாரு."

இதை வீட்டில் சொல்லிச் சிரித்தது அம்மாதான்.

தராசுக்காரர் பல மாதம் தேடினார். கிடைக்கவில்லை. தன்னால் கண்டுபிடிக்க முடியாத தப்பை வைத்துக்கொண்டு விற்கமாட்டேன் என்று எக்ஸ்டென்ஷனையே நிறுத்திவிட்டார். மச்சான் கோபித்துக்கொண்டு ஒரு கிடங்கில் வேலைக்குப் போனார்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் ஓட்டிப் பார்த்தது வெற்று எக்ஸ்டென்ஷன். புதுப் பதிப்பை வெளியிடும் முன் அதை ஏற்றிப் பார்ப்பது அம்மாவின் வழக்கம். உள்ளே ஒன்றும் இல்லாததால் டீபக் பில்ட் வாய் திறக்கக் கூடாது. அம்மா தன் கணினியில் பார்த்துவிட்டு, இன்னொரு கணினியிலும் பார்த்துவிடலாம் என்று என்னிடம் கொடுத்தாள். ஏற்றினேன். சத்தமில்லை. வெளியேறும் கட்டளையைத் தட்டினேன். இரண்டு தடவை விடுவித்ததாகவும், செய்தது வெற்று எக்ஸ்டென்ஷன் என்றும் வந்தது.

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

"எக்சிட்தான் குடுத்தேன்."

"எக்சிட்டா?"

"பின்ன, நீ எப்படி மூடுவே?"

"விண்டோவை அப்படியே மூடிருவேன்."

விண்டோவை மூடினால் நிரல் பாதியிலேயே அறுந்துவிடும். முறைப்படி முடித்துவைக்கும் பகுதி ஓடவே ஓடாது. அந்தப் பகுதியில் அம்மா முன்பே ஒரு சரிபார்ப்பைச் சேர்த்திருந்தாள். கோளாறு அதில் இருந்தது. ஏற்றப்பட்டது ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் என்றால், மொழியே செய்யும் விடுவிப்பை அதன் தலையில் போட்டுவிடும். மற்றவர்கள் நாலைந்தைச் சேர்த்தே ஏற்றுவார்கள் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. தராசுக்காரர் தன்னுடையதைத் தனியாக ஓட்டுவார்.

அம்மா தன் மடிக்கணினியை மூடினாள். பிறகு, "அந்த மனுஷன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள்.

"போன் போட்டுச் சொல்லிரும்மா."

"மச்சானை வச்சுக்கிட்டுச் சொன்னேன். மச்சானை வச்சுக்கிட்டுத்தான் இதையும் சொல்லணும். நேர்லயே போறேன்."

திங்களன்று பில்டைத் திருத்தி வெளியிட்டாள். தவறு எங்களுடையது என்று குறிப்பும் எழுதினாள். தராசுக்காரர் டீபக் பில்ட் வாங்குவதை எப்போதோ விட்டிருந்ததால் அது அவருக்குப் போகவில்லை. வியாழனுக்கு அரைநாள் விடுப்புச் சொல்லி வைத்தாள். புதன் மதியம் அலுவலகப் படியில் விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. மருத்துவமனைக்குப் போய்ச் சேரவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் தராசுக்காரரும் இருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"இப்போ தராசு ரிப்பேர் பாக்குறேன்மா. அதுதான் எனக்குச் சரி. எழுதுறது நமக்கு வராதுன்னு உங்கம்மாவாலதான் தெரிஞ்சுது. மூஞ்சிக்கு நேரா வேற யாரு சொல்லுவா?"

"சார், உங்க கோட்ல தப்பே இல்ல. தப்பு எங்க பில்ட்ல. அம்மாவே கண்டுபிடிச்சாங்க."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"என் மனசு ஆறணும்னு சொல்றே. வேணாம்மா. அவங்க சொன்னா சொன்னதுதான்."

"நிஜமா சார். குறிப்பு இருக்கு, காட்டட்டுமா?"

"இந்த நேரத்துல கம்ப்யூட்டரைத் திறக்காதம்மா. போய் அப்பாவைப் பாரு."

"உங்களையும் உங்க மச்சானையும் சேர்த்துப் பாக்கணும்னு இருந்தாங்க."

"அவனும் நானும் பேசிக்கிறதே இல்லையே" என்றார். எழுந்து, அப்பாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

மச்சான் வேலை பார்க்கும் கிடங்கு எங்கே என்று கதவுக்காரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டேன். இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும். தவறு யாருடையது என்று அதைச் செய்தவள் வாயால் அவர்கள் கேட்டிருக்க வேண்டும். அது இனி நடக்காது. என் வாயால் சொன்னால் நம்புவார்களா என்று தெரியவில்லை. இன்னும் போகவில்லை.