பிள்ளையார் மட்டும் இருந்த போன்

இன்று காலை சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் திரும்பினேன். விமான நிலையத்தில் போனைத் திறந்து பார்க்கிறார்கள் என்று மச்சான் எச்சரித்திருந்தார். அதனால் புறப்படும் முன்பே படங்களை அழித்துவிட்டேன். நவம்பரில் மாவீரர் நாளுக்கு விளக்கேற்றிய படத்தோடு மகளின் பிறந்தநாள் படங்களும் போயின. பிள்ளையாரை மட்டும் விட்டுவைத்தேன்.

அதிகாரி போனைத் திறக்கச் சொல்லி வாங்கிப் பார்த்தார்.

“எத்தினை வருசமாப் பாவிக்கிறியள்?”

“நாலு வருசம், சேர்.”

“நாலு வருசத்திலை பிள்ளையாரை மட்டுமோ படமெடுத்தனீங்கள்?”

“போனிலை இடம் காணாது, சேர். அதுதான் அழிச்சனான்.”

“இடம் நிறையக் கிடக்குதே” என்றவர், போனோடு உள் அறைக்குப் போய்விட்டார்.

கால் மணிநேரம் கழித்து, “ஒண்டுமில்லை, போங்கோ” என்று திருப்பித் தந்தார்.

ஒன்றுமில்லாத போன் ஏன் கையில் அப்படிச் சுட்டது?

கொக்குவிலுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் போனைப் பறித்து அரிசி வாளிக்குள் போட்டு மூடினாள்.

“உதுக்கு முன்னாலை இனி ஒண்டும் கதையாதேங்கோ.”

இதை அவளுடைய போனில்தான் எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள். இங்கே எழுத வேண்டாம், வீட்டுக்கு வாருங்கள். உங்கள் போனை உங்கள் வீட்டு அரிசிக்குள் வைத்துவிட்டு வாருங்கள்.