கண்ணாடிக்குள் ஒரு சக்களத்தி

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். அவள் செத்து இருநூறு வருஷம் ஆகப்போகிறது என்பது எனக்குக் கொஞ்சமும் ஆறுதலாக இல்லை.

எழுபதுகளில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் சரித்திர வாத்தியார். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரின் வீட்டுச் சாமான்களைக் கிள்ளானில் ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். நாற்காலி வாங்கி வருவார் என்று பார்த்தால், மூன்று பழைய படங்களோடு வந்து நின்றார். செம்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்த படங்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது ஊர் நடுவே தலை வெட்டிய காட்சிகள். இரண்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். மூன்றாவதைக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

அதில் ஒரு கட்டைவண்டி. கைகளைப் பின்னால் கட்டி ஒரு பெண்ணை அதில் உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்த்தது. தூரத்தில் மேடை, அதன்மேல் கத்தி. அவள் முடியைக் கழுத்து தெரிய ஒட்டக் கத்தரித்திருந்தார்கள்.

"ஏங்க, முடிய எதுக்கு வெட்டிட்டாங்க?"

"கத்தி சிக்காம எறங்கணும்ல. பாவம்," என்றார்.

அந்தப் பாவம் எனக்குள் முள்ளாகத் தைத்தது. என் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். கோயிலில் பெண்கள் தொட்டுப் பார்த்துவிட்டு என்ன எண்ணெய் என்று கேட்பார்கள். அவர் ஒரு நாள்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் காய்ச்சலில் கிடந்தாலும் "மருந்து சாப்டியா?" என்பதோடு சரி. சாயங்காலம் தேத்தண்ணியோடு உட்கார்ந்தால் பார்வை நேரே அந்த வண்டிக்காரியிடம்தான் போகும். அந்தப் பார்வை ஒரே ஒரு தடவை என் மேல் விழாதா என்று ஏங்கினேன். வயிறு எரிந்தது என்றே சொல்கிறேன், இதில் என்ன வெட்கம்?

படத்துக்குச் சட்டம் போட்ட கடைக்காரர் சாமி படங்களாகவே போட்டுப் பழகியவர். பழக்கதோஷத்தில் கண்ணாடியின் மேல், அவள் நெற்றிக்கு நேரே, சந்தனமும் குங்குமமும் வைத்துக் கொடுத்துவிட்டார். என் கணவர் சிரித்தார். ஆனால் துடைக்கவில்லை.

மறுநாள் வந்த பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இது எந்த சர்ச்சு மாதா?" என்று கேட்டார்.

"மாதாவும் இல்ல, மண்ணும் இல்லக்கா. தலைய வெட்டக் கொண்டுபோற பொம்பள."

"ஐயோ! நடுவீட்டுலயா மாட்டுவீங்க? எடுத்துப் போடு லா!"

சொன்னால் கேட்கிற ஆளா அவர்? வெள்ளிக்கிழமை சாமி படங்களைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போது, அவளை மட்டும் தாண்டிப் போவேன். பழைய பொட்டு காய்ந்து உதிர்ந்தது. அதையும் கவனித்துவிட்டார் மனுஷன்.

"அவளுக்கும் ஒண்ணு வச்சா கொறஞ்சா போயிடுவ?"

அன்றைக்கு ரசத்தில் உப்பு போடவில்லை. வேண்டுமென்றேதான்.

பிறகு அவருக்கு வயிற்றில் புண் முற்றி ஆப்பரேஷன் வரைக்கும் போனது. பிழைப்பாரா என்று கேட்டதற்கு டாக்டர் கையை மேலே காட்டிவிட்டுப் போனார். பத்துமலை முருகனுக்கு முடி தருகிறேன் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே வேண்டிக்கொண்டேன். சக்களத்தியும் வண்டியும் அப்போது என் நினைவிலேயே இல்லை. முருகன் கைவிடவில்லை, அவர் எழுந்து நடந்தார்.

என் தங்கைதான் தடுத்தாள். "பொம்பளைங்க பூமுடி குடுத்தாப் போதும்கா. கத்திரியால மூணு வெட்டு, அவ்வளவுதான்." அவரிடமும் பூமுடி என்றுதான் சொல்லி வைத்தேன். ஆனால் மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்து மொத்தமாக மழித்துக்கொண்டேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது, இன்றைக்காவது என்னைப் பார்ப்பார் என்ற ஆசை தலைகாட்டியது. முருகன் மன்னிக்கட்டும்.

அவர் வழக்கமான இடத்தில் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்றேன். கோப்பையைக் கீழே வைத்தார். என் தலையைப் பார்த்தார், காதைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அதே பார்வை! இத்தனை வருஷமாக நான் காத்துக் கிடந்த பார்வை.

"பாவம்," என்றார். "இப்ப நீ அப்படியே அவ மாதிரியே இருக்க."

முருகனுக்குக் கொடுத்த முடி அவள் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது.