தவசி மேல் கிடக்கும் வலை

பழைய கோயில் பார்க்கப் போக துணை எதற்கு? கல்லைப் பார்க்க ரெண்டு கண் போதாதா? ஆனால் போகிற இடமெல்லாம் முதல் கேள்வி, "தனியாவா வந்தீங்க?" என்பதுதான். பக்கத்தில் கோபுரமே சரிந்து கிடக்கும், அதை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறும். "இல்லீங்க, பின்னாடி ஒரு பஸ் ஆளுங்க வர்றாங்க" என்பேன்.

மீஞ்சூரில் வீடு. சென்னையில் வேலை, தினமும் ரயில். கல்யாணம் கூடி வரவில்லை. அம்மா இருந்தவரை, ஞாயிற்றுக்கிழமை எங்காவது போய்விட்டு இருட்டித் திரும்பினால் வாசலிலேயே நிற்பாள். "ஏன்டி இவ்ளோ நேரம்?" ரயில் லேட்டு, பஸ் கிடைக்கல, பூசாரி சாவியோட கல்யாணத்துக்குப் போய்ட்டாரு என்று வாய்க்கு வந்ததை அடித்துவிடுவேன். அவள் போன பிறகு நான் எத்தனை மணிக்கு வந்தாலும் கேட்க நாதியில்லை. பூட்டைத் திறக்கிறேன், ஃபேனைப் போடுகிறேன், சாப்பிட்டுப் படுக்கிறேன்.

போன வருஷம் மாசி மகத்துக்கு மறுநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழவேற்காட்டுக்குப் போனேன். செம்பாறாங்கல் கோயில் ஒன்றில், விரல் நீளப் பொம்மைகளாக ராமாயணத்தையே செதுக்கி வைத்திருக்கிறான் மகராசன். கழுத்து வலிக்கப் பார்த்தேன். அங்கிருந்து ஒரு சிவன் கோயில். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்டார். சொன்னேன். "அப்புறம்?" என்றார். "அப்புறம் யாருமில்ல." நான் யாரையோ மறந்துவிட்ட மாதிரி, தட்டைப் பிடித்தபடி இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். "மிச்சத்தை சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுதேன். ஆமாம், அழுதேன்தான். அதற்கென்ன இப்போது?

டீக்கடை பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனுஷன். பழைய கோயில் பார்க்க வந்தேன் என்றதும் சொன்னார்: பாலம் தாண்டி ஒரு குப்பத்தில், சவுக்குத் தோப்புக்குள்ள உக்காந்த சாமி ஒண்ணு இருக்குது, கண்ணை மூடிக்கினு இருக்கும், வருஷத்துல இன்னிக்கு ஒரு நாள்தான் தெறப்பாங்க. கண்ணை மூடி உட்கார்ந்த சாமியா! புத்தராக இருக்குமோ என்று எனக்குள் பரபரத்தது. ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினேன்.

தோப்பில் ஈ காக்கை இல்லை. மணல்மேட்டில் கடலைப் பார்த்தபடி இடுப்பு உயரத்துக்கு ஒரு சிலை, மேலே பழைய மீன்வலையைக் கனமாகப் போர்த்தியிருந்தது. முகம் தெரியவில்லை. வலையின் ஓரத்தில் கை வைத்தேன்.

"ஏய்! கைய எடு!"

தோப்பு ஓரத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள். அறுபது வயது இருக்கும். கிட்டே வந்து மேலும் கீழும் பார்த்தாள். "தனியாவா வந்தே?"

வந்ததே கோபம். "ஏன், தனியா வந்தா சாமி மூஞ்சியத் திருப்பிக்குமா?"

"அது இன்னாத்துக்குத் திருப்பிக்குது? வலைய எடுக்க முடியாது, அவ்ளோதான்."

அந்தச் சாமிக்கு அங்கே தவசி என்று பேர். வலையை ரெண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். பிடித்துவிட்டால் அவர்கள் ஜோடி. வருஷா வருஷம் அதே ஜோடி வந்து தூக்கி, முகத்தை அவர்கள் மட்டும் பார்த்துவிட்டு, அவர்களே மூட வேண்டும். புருஷன் பெண்சாதி, அண்ணன் தம்பி, ஒரே படகில் போகிறவர்கள், யாராக இருந்தாலும் சரி. "கடலுக்கு ஒண்ணாப் போனவங்க ஒண்ணாத் திரும்பணும்ல, அதுக்கோசரம்" என்றாள். காலையிலேயே எல்லா ஜோடியும் வந்து போயாயிற்று.

"நீங்க பாத்துட்டீங்களாக்கா?"

"எங்க வூட்டுக்காரரு கடலோட போய்ட்டாரு. பையன் காட்டுப்பள்ளி துறைமுகத்துல வேல, அவன் பொண்டாட்டியோட புடிச்சிட்டுப் போய்ட்டான். நான் தவசி மூஞ்சியப் பாத்து வருசமாச்சு."

கருவாடு காயவைக்க ஊரில் வேறு இடமா இல்லை? காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு ஜோடியாக வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அங்கிருந்து தவசியின் முதுகுதான் தெரியும்.

"வாங்க, நாம புடிக்கலாம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "நீ போட்டா புடிச்சிக்கினு போய்ருவே. வருசா வருசம் வருவியா? நீ வரலேன்னாலும், நீ உசுரோட இருக்கறவரைக்கும் நான் இன்னொருத்தியோட புடிக்க முடியாது. நல்லா ரோசன பண்ணிச் சொல்லு."

எந்தக் கோயிலுக்கும் நான் ரெண்டாம் தடவை போனதில்லை. மறுபடி வா என்று யாரும் சொன்னதுமில்லை. பயமாக இருந்தது.

"வர்றேங்க்கா. தவசி மேல சத்தியமா."

தூக்கினோம். வலை நல்ல கனம். மூக்கு தேய்ந்திருந்தது, காது தோள்வரை தொங்கியது, மடியில் கை மேல் கை. நெற்றியில் காலையில் யாரோ வைத்த குங்குமம். "அக்கா, இவரு புத்தரு!"

"இருந்துட்டுப் போட்டும்." முந்தானையால் அந்த மூடிய கண்ணிலிருந்து மணலைத் துடைத்தாள். "இன்னாய்யா, நல்லாக்கீறியா? நான் நல்லாத்தான் கீறேன்" என்றாள். தவசியிடம் சொன்னாளா, கடலோடு போனவரிடம் சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. போனைப் பையிலேயே வைத்துவிட்டேன். ரெண்டு பேருமாக வலையை மூடினோம்.

இந்த வருஷம் மாசி மகத்துக்கு மறுநாள் வேலை நாள். லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். நம் நேரம், ரயில் பொன்னேரிக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டது. பழவேற்காடு பஸ் ரெண்டில் ஏறக்கூட முடியவில்லை, மூணாவதில்தான் இடம் கிடைத்தது. அவள் நம்பர் என்னிடம் இல்லை, என் நம்பர் அவளிடம் இல்லை. நான் வரமாட்டேன் என்று முடிவு பண்ணியிருப்பாள், திரும்பவும் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாலம் தாண்டும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

குப்பத்து ரோட்டிலேயே நின்றிருந்தாள், நெற்றியில் கையைக் குவித்துக்கொண்டு. நான் ஆட்டோவிலிருந்து காலைக் கீழே வைக்கவில்லை, அதற்குள்:

"ஏன்டி இவ்ளோ நேரம்?"

ரயில் லேட்டுக்கா, பஸ் கிடைக்கலக்கா என்றேன். அத்தனையும் நிஜம். ஆனாலும் நிறுத்த மனசு வரவில்லை. ஆட்டோவும் வழியில் பஞ்சர் என்று சேர்த்துச் சொன்னேன்.