கறை பட்ட தோலும் என் பி.ஏ. படிப்பும்

நான் பி.ஏ. தேறி ஊருக்குத் திரும்பிய பத்தாவது மாதம், என் தகப்பனாரைத் தோல் கிடங்கிலிருந்து நீக்கினார்கள். பதனிடும் குழியில் வேண்டுமென்றே இரும்பைப் போட்டார் என்பது அவர்மேல் விழுந்த பழி.

ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் இருந்தது அந்தக் கிடங்கு. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு அங்கேதான் வேலை. நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) ஆவாரம்பட்டைக் குழியில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவர். பட்டை ஊறிய தண்ணீரில் தோலைப் போடுவது, எடுத்துப் புரட்டுவது, மறுபடி போடுவது. முழங்கை வரை அவர் கையில் ஏறியிருந்த பட்டை நிறம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதும் போகாது.

பட்டைத் தண்ணீரில் இரும்பு படக்கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஓர் ஆணி விழுந்தால் போதும், தோலில் கறுப்பாகக் கறை ஏறிவிடும். அதனால் குழிக்குப் பக்கத்தில் வாளிகூட மரத்தில்தான் இருக்கும். அந்தக் கோடையில் திடீரென்று குழிக்குக் குழி தோல் கறுத்தது. அதற்குச் சில நாள் முன்னால்தான் நைனாவுக்கும் மேஸ்திரிக்கும் பெரிய வாக்குவாதம். ஜுரத்தோடு வந்திருந்த ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி நைனா கேட்டார். மேஸ்திரி முடியாது என்றார். நைனா எல்லோர் முன்னாலும் கத்திவிட்டார். கறை தெரிந்ததும் மேஸ்திரிக்கு வேறு யோசனையே வரவில்லை.

நைனா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அம்மா அழுதாள். நான் அவர்களுக்கு எதிரில் உட்காரவும் கூசி நின்றேன். வேலூரில் இரண்டு வருஷம், பட்டணத்தில் இரண்டு வருஷம் படித்தவன் நான். இண்டர்மீடியட்டில் ரசாயனமும் தர்க்கமும் சரித்திரமும் கலந்து எடுத்துக்கொண்டேன். பி.ஏ.வுக்குச் சரித்திரம். எனக்கு அது அத்தனையும் பிடித்திருந்தது, அவ்வளவுதான் காரணம். ஊரில் அந்தக் காரணம் எடுபடவில்லை. என் சித்தப்பா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார். "டாக்டருக்குப் படிச்சா ஊசி போடுவான். வக்கீலுக்குப் படிச்சா வாதாடுவான். நீ படிச்சுட்டு வந்து இன்னா பண்ணுவ?" பத்து மாதமாக அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. விண்ணப்பங்கள் எழுதி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் நைனாவிடம் ஒன்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் உடம்பு சுருங்குகிறது.

"நைனா, நீ போட்டியா?"

அம்மா என்னை அடிக்கவே வந்துவிட்டாள். நைனா மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வேண்டியவர் சொல்வதையும் சோதித்துப் பார், வேண்டாதவர் சொல்வதையும் சோதித்துப் பார் என்று சரித்திர வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சொந்தத் தகப்பனிடம் செய்வது எவ்வளவு கொடுமை என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

"இல்லடா," என்றார் நைனா. "கேட்டது நல்லதுதான். மத்தவன் ஒருத்தனும் கேக்கல," என்றார்.

மறுநாள் மேஸ்திரியிடம் போனேன். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். தோல் கெட்டால் முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

"நைனா இரும்பு போட்டத நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. வேற யாரு செய்வா?"

"யாராவது பாத்தேன்னு சொன்னாங்களா?"

"இன்னாப்பா, கோர்ட்டு மாதிரி கேக்குற?"

"குழியத் தூர் வாரினீங்களா? ஆணி, தகரம் ஏதாவது கெடச்சுதா?"

அவர் பட்டை மூட்டைகளை எண்ணப் போய்விட்டார். கிடைக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. கறை முதலில் எப்போது தெரிந்தது என்று வேலையாட்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். நாள் கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும், எல்லோரும் சொன்னது அந்தச் சண்டை நடந்த வாரத்தைத்தான். மேஸ்திரி சொன்னதே சரியாகிவிடுமோ என்று பயந்தேன். அதே வாரத்தில் வேறு என்ன மாறியது என்று அப்புறம்தான் கேட்கத் தோன்றியது. தர்க்க வகுப்பில் மாதக்கணக்கில் எங்களை இடித்து இடித்துக் கேட்க வைத்த கேள்வி அது.

பட்டை சுமக்கும் ஓர் அம்மாள் சொன்னாள். "இன்னா மாறுச்சு? ஆத்துல ஊத்து வத்திப் போச்சு. புதுக் கெணத்துத் தண்ணி விட்டாங்க. அத வாய்ல வெக்க முடியல தம்பி, செப்புக்காச நக்குன மாதிரி கீது."

அந்தப் புதுக் கிணற்றுக்கு ஓடினேன். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. ஆனால் கிணற்றடியில் இரண்டு நாளாகத் தண்ணீர் தேங்கியிருந்த மண் தொட்டியின் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரி ஒரு படிவு. விரலால் தொட்டேன், ஒட்டியது. துரு. ரசாயன அறையில் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதிக் கரைசலை விட்டு மை செய்தது நினைவுக்கு வந்தது. கடுக்காயில் இருப்பதும் பட்டையில் இருக்கும் அதே துவர்ப்புதான், அன்னபேதியில் இருப்பதும் இரும்புதான். தண்ணீருக்குள்ளேயே இரும்பு கரைந்திருந்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. குழியில் ஆணியைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

முதலாளி சாயபுவின் அறைக்குள் எங்கள் தெருவிலிருந்து யாரும் போனதில்லை. நான் போனேன். மேஸ்திரியும் அங்கே இருந்தார்; கறைக்குக் காரணம் தண்ணீரா என்று சோதித்துக் காட்டுகிறேன் என்றேன். மூன்று வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வேண்டும் என்று கேட்டேன். ஒன்றில் ஆற்றில் மேலே தள்ளி எடுத்த ஊற்றுத் தண்ணீர், ஒன்றில் சாயபு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் புதுக் கிணற்றுத் தண்ணீர். எது எதில் என்று எனக்குச் சொல்லாமல் மேஸ்திரியே ஊற்றி, கிண்ணத்தின் அடியில் சாக்கட்டியால் குறி போடட்டும் என்றேன்.

சாயபு சிரித்தார். "இன்னா தம்பி, மோடி வித்தையா?"

"இல்லீங்க முதலாளி. நான் சொல்றத நீங்க நம்ப வேணாம். உங்க கண்ணால பாருங்க."

மூன்றிலும் ஒரே அளவாகப் பட்டைச் சாறு விட்டேன். இரண்டு கிண்ணங்கள் தேநீர் நிறத்திலேயே நின்றன. நடுக்கிண்ணத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விளிம்பிலிருந்து ஒரு மங்கல் பரவி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே முழுவதும் கறுத்தது. மேஸ்திரி கிண்ணத்தைத் தூக்கி அடியைப் பார்த்தார்; புதுக் கிணற்றுக் குறி. கீழே வைத்துவிட்டு, தாமே மரவாளியோடு வெளியே போனார். புதுக் கிணற்றில் மறுபடி மொண்டு வந்து, அவர் கையாலேயே சாறு விட்டார். அதுவும் கறுத்தது.

"நான் தப்பா சொல்லிட்டேன் முதலாளி," என்றார்.

சாயபு கறுத்த கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்துப் பார்த்தார். "தண்ணி வண்டி கட்டி மேலாத்துலேர்ந்து கொண்டாரச் சொல்லு. இருபது வருஷத்து ஆள நான் ஒரு வார்த்தைகூடக் கேக்காம அனுப்பிட்டேனே," என்றவர், என் பக்கம் திரும்பினார். "கறுத்த தோல இன்னா பண்றது? அதுக்கும் உன் படிப்புல வழி கீதா?"

அதற்கு என் படிப்பில் பதில் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். வீட்டில் சொன்னபோது அம்மா, "வெள்ளத் துணியில துருக்கறை பட்டா எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்போமே," என்றாள். தேய்த்துப் பார்த்தோம். முழுக்கப் போகவில்லை, பாதித் தோல்கள் தேறின. மீதியைக் கறுப்புச் சாயம் ஏற்றுகிறவர்களுக்கு அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "வாய்யா, உன் குழி அப்படியே கீது," என்றார். நைனா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மேஸ்திரியிடம் கேட்க வேண்டியதை நைனா விடவில்லை. "ஜுரக்காரனுக்கு ரெண்டு நாள் லீவு குடுப்பியா?" மேஸ்திரி தலையாட்டினார். இருவரும் முன்னும் பின்னுமாகப் போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டு உள்ளே வந்து பாயில் விழுந்தேன். பட்டப்பகலில், ஒரு வாரத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினேன்.

சாயபு என்னைக் கிடங்கு ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஒரு வருஷம் இருந்தேன். பிறகு காட்பாடிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வேலை கிடைத்தது. படிப்பு எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த கதையாக இதை நான் சொல்லவில்லை. ரசாயனம் மட்டும் படித்திருந்தால், நைனாவையும் மேஸ்திரியையும் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன். சரித்திரம் மட்டும் படித்திருந்தால், அந்தச் செம்படிவைப் பார்த்தும் தாண்டிப் போயிருப்பேன். எனக்குப் பிடித்ததால் படித்தவை எல்லாம், தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வந்து நின்றன.

சித்தப்பா மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு உறுத்தியிருக்காது. அன்றைக்குப் பிறகு நான் தெருவில் நிமிர்ந்துதான் நடந்தேன்.