பூவரசம் இலைத் தொப்பி

எங்கள் வீட்டுத் தக்காளி கடைத் தக்காளி போல உருண்டையாக இராது. பூசணிக்காயைச் சின்னதாக்கி வைத்தது போல வரிவரியாக, ரோசா நிறத்தில் இருக்கும். எங்கள் பரம்பரையில் யாருக்கோ அமெரிக்க மிஷன் அம்மா ஒருவர் கொடுத்த விதையாம். அது வேறு வீட்டுக்குப் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அயலவர் ஆசைப்பட்டால் சம்பலாகவோ சொதியாகவோ அனுப்புவோம். முழுப் பழமாகக் கொடுக்கவே மாட்டோம்.

கடவுளுக்கு மட்டும் விலக்கு. தை மாதத்து அறுவடைத் திருநாளுக்கு ஒரு ஓலைக்கடகம் நிறையப் பழம் தேவாலயத்துக்குப் போகும். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவார்கள். எங்கள் கடகத்தை அப்பாவே ஏலத்தில் எடுப்பார். ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் போட்டிக்கு ஒருவரும் வருவதில்லை. மத்தியானத்துக்குள் காணிக்கை வீடு திரும்பிவிடும். கடவுள் இதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

எனக்கு ஒன்பது வயதான வருடம், தபால் கந்தோருக்குப் புதிதாக வந்திருந்தவர் பின்வரிசை வாங்கிலிருந்து அப்பாவுக்கு மேலே கேட்டார். அப்பா கூட்டினார். அவரும் கூட்டினார். கடைசியில் கடகம் அவருடைய சைக்கிளில் போயிற்று. அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. தக்காளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சின்னம்மா, அம்மாவின் தங்கை, மட்டும் இரண்டாந்தரம் சோறு போட்டுக்கொண்டார்.

ஏலத்தில் எடுத்தவர் பழத்தைத் தின்றாரா, விதைத்தாரா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அவர் வீட்டு வேலிப் பொட்டில் கண்ணை வைத்துப் பார்ப்பேன். சில கிழமைகள் கழித்துக் கண்டுவிட்டேன். கிணற்றடியில் ஏழு தக்காளிக் கன்றுகள். ஒவ்வொன்றின் தலையிலும் வெயில் படாமல் ஒரு பூவரசம் இலை, ஈர்க்கால் குத்திய தொப்பி. அது சின்னம்மாவின் கைவேலை. ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை.

பின்னேரத் தேநீர் நேரத்தில் எல்லாரும் கூடியிருக்கும்போது சொன்னேன்.

“அவர் எங்கடை விதையைப் போட்டிட்டார்! சின்னம்மா மாதிரியே தொப்பியும் போட்டிருக்கிறார். உது அவருக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் எங்கள் வேலிக்குள்ளால் ஒளித்துப் பார்த்திருக்கிறார் என்பது என் முடிவு. அதை ஒருவரும் கேட்கவில்லை. அப்பா கோப்பையை வைத்துவிட்டுச் சின்னம்மாவைப் பார்த்தார்.

“கண்டுகள் நல்லா நிக்குதோ?” என்று சின்னம்மா என்னைக் கேட்டார்.

“அவையின்ரை குடும்பம் எங்கடை ஆக்கள் இல்லையெண்டு உனக்குத் தெரியாதோ?” என்று அம்மா சின்னம்மாவிடம் சீறினார்.

எங்கள் ஆட்களென்றால் விதையைக் களவெடுப்பார்களா என்று நானும் எடுத்துக் கொடுத்தேன்.

அதன்பிறகு சின்னம்மா தோட்டப் பக்கம் போகவில்லை. என்னோடும் கதைக்கவில்லை. மலைநாட்டுப் பதுளையில் மாமா வீட்டோடு இருந்து படிப்பிக்க அவருக்கு ஒரு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டார்கள். அவர் பேசாமலிருந்தது எனக்குப் பெரிய துக்கம். களவைப் பிடித்தேனே தவிரப் பொருளை மீட்டுக் கொடுக்கவில்லை, அதுதான் கோபம் என்று நினைத்தேன்.

அவர் புறப்படும் நாள், தபால்காரர் கந்தோரில் இருக்கும் நேரம் பார்த்து வேலிக்குள்ளால் புகுந்தேன். ஏழு கன்றுகளையும் பிடுங்கிச் சட்டையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தேன். ஸ்டேஷனுக்குப் போகும் கார் வாசலில் நின்றது.

“ஒண்டும் மிச்சம் விடேல்லை, சின்னம்மா.”

சின்னம்மா என் சட்டையிலிருந்து கன்றுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு முகம் துடைக்கும் லேஞ்சியை நனைத்து வேர்களைச் சுற்றினார்.

“போத்தல் நிறைய விதை கிடக்கு, எடுத்துக்கொண்டு வரட்டோ?” என்றேன்.

“வேண்டாம்.”

வாடிப்போன அந்தக் கன்றுகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதபடி காரில் ஏறினார். களவு போனதை மீட்டுக் கொடுத்தவளுக்கு ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று அன்று முழுக்க எனக்குக் கோபமாக இருந்தது.