நேராக்காத தாடை

மெக்கானிக் கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறையில் என் தோழி ஆட்களைப் பார்த்துப் படம் வரைகிறாள். அதுதான் அவள் பிழைப்பு. வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, “இந்த மச்சத்தை மட்டும் எடுத்துடும்மா” என்பார்கள். இல்லாவிட்டால், “வழுக்கையைக் கொஞ்சம் பார்த்துப் போடு.” அவள் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள்.

“அடுத்த தெருவுல போட்டோ ஸ்டூடியோ இருக்கு. அவர் முடியே முளைக்க வெச்சுத் தருவார். அங்க போங்க.”

பாதிப் பேர் கோபித்துக்கொண்டு படி இறங்கிவிடுவார்கள். மீதிப் பேரை நம்பித்தான் கடை ஓடுகிறது.

அவளை நாங்கள் ரப்பர் என்றுதான் கூப்பிடுவோம். ஓவியப் பள்ளியில் முதல் நாள், டிராயிங் மிஸ் எல்லோரையும் ரப்பரை எடுத்து மேசைமேல் வைக்கச் சொன்னார். இவள் மேசை காலியாக இருந்தது.

“தப்பாப் போட்டா எதை வெச்சு அழிப்பே?”

“தப்பு தெரியட்டும் மிஸ். அதைப் பார்த்துத்தானே அடுத்த கோடு போடணும்.”

வகுப்பு சிரித்தது. மாலைக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. மிஸ் வகுப்பைச் சுற்றி வருவார். யாரிடமாவது “எழுந்திரு” என்பார். அவர்களுடைய ஸ்டூலில் தான் உட்கார்ந்து, அவர்களுடைய தாளிலேயே காதையோ விரலையோ திருத்திக் கொடுப்பார். மிஸ் கை பட்ட தாளுக்கு மார்க் தாராளமாக விழும். அதனால் நாங்கள் கஷ்டமான இடங்களை வேண்டுமென்றே வரையாமல் விட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு காத்திருப்போம். ஆண்டுக் கண்காட்சியில் தொங்கிய படங்களில் கிழவனுக்கும் குழந்தைக்கும் ஒரே கைகள். எல்லாம் மிஸ்ஸின் கைகள். ரப்பர் வரைந்த கை மட்டும் கிழங்கு மாதிரி இருந்தது. ஆனால் அது அவளே வரைந்த கிழங்கு.

கடைசி வருடம் எங்களை ஓவியர்களிடம் அழைத்துப் போனார்கள். அதில் பெரிய ஓவியர் ஒருவர், வருகிற மாணவர்களில் ஒரே ஒருவரை விடுமுறைக்குத் தன் கூடத்தில் வைத்துக்கொள்வார். வரைகிற கை அவருக்குப் பிடித்துப்போனால் அப்படியே வேலைக்கும் எடுத்துக்கொள்வார். ரப்பருக்கு அந்த இடம் வேண்டும். வெறியாக வேண்டும். அவள் வீடு என்பது மாடிப்படிக்குக் கீழே அம்மாவின் ஆல்டரேஷன் கடையும், அதன் பின்னால் ஓர் அறையும்தான். ஒரு பெரிய தாளை விரிக்க வேண்டுமென்றால் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்க்க வேண்டும். தைக்க வந்த வெள்ளைச் சட்டையில் அவள் வரைகிற கரி ஒட்டி, அம்மாவும் மகளும் வாரம் ஒருமுறை சண்டை போடுவார்கள்.

அம்மாவுக்குச் சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் எழுந்தபோது முகத்தின் இடது பக்கம் தொங்கிப்போயிருந்தது. வைத்தியம் பார்த்தும் பாதிதான் திரும்பியது. அன்றிலிருந்து தையல் மிஷினைத் திருப்பிப் போட்டுக்கொண்டார், இடது பக்கம் சுவரைப் பார்க்கும்படி. வாடிக்கையாளர்கள் வலது பக்கத்தோடு மட்டும்தான் பேசுவார்கள். அவரைப் போட்டோ எடுக்க யாராலும் முடியவில்லை. ஓவியரிடம் காட்ட ஒரு முகம் வேண்டும் என்று ரப்பர் நச்சரித்துத்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். முழு முகமும் தெரியும்படி.

ஓவியர்களின் கட்டடம் பழைய கிடங்கு ஒன்றில் இருந்தது. கீழே செப்புத் தகட்டில் படம் கீறும் ஒரு பெண்மணி, ஊசியை எடுக்காமலே, “எதையும் தொடாதீங்க, ஆசிட் இருக்கு” என்றார். எங்கள் வகுப்பு லீடர் என் காதில், “இந்தம்மா வாயிலயும் ஆசிட்தான்” என்றான்.

மேலே பெரிய ஓவியரின் கூடம். கூரையில் கண்ணாடி, நீளமான மேசைகள், ஒரு சுவர் முழுக்கக் காலியாக. ரப்பர் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், பசித்தவள் சாப்பாட்டுக் கடையைப் பார்க்கிற மாதிரி.

ஓவியர் நல்ல மனிதர். எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். சிவப்புச் சாக்கட்டியோடு மேசை மேசையாக வந்தார். எங்கள் மிஸ்ஸுக்கே அவர்தான் ஆசிரியராம்; அந்த ‘எழுந்திரு’ எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. லீடர் கொண்டுவந்த படத்தில் ஒரு கால் இல்லை. வேண்டுமென்றே விட்டிருந்தான். ஓவியர் போட்டுக் கொடுத்த காலைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனான்.

ரப்பரின் தாள் முன்னால் அவர் நெடுநேரம் நின்றார்.

“யாரும்மா இது?”

“எங்கம்மா, சார்.”

“கண்ணு உயிரோட இருக்கு. பிரமாதம். தாடைதான் இந்தப் பக்கம் சரிஞ்சுபோச்சு. எழுந்திரு, ஒரே கோடு.”

அவள் எழுந்திருக்கவில்லை. அவர் நின்றபடியே குனிந்தார். சாக்கட்டி இறங்குவதற்குள் அவள் உள்ளங்கையை விரித்துத் தாள்மேல் வைத்துவிட்டாள். அந்தச் சிவப்புக் கோடு அவள் புறங்கையில் விழுந்தது.

“தொடாதீங்க சார்.”

மிஸ் ஓடி வந்தார். “என்னடி பண்றே? கையை எடு!”

“தப்பா வரையலை மிஸ். அம்மா முகமே அப்படித்தான்.”

ஓவியருக்குக் கோபம் வரவில்லை. குரலைத் தாழ்த்தினார். “புரியுதும்மா. ஆனா படத்துலயாவது நேராக்கிக் கொடுக்கலாமே? அவங்க பார்த்தா சந்தோஷப்படுவாங்கல்ல?”

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ரப்பர் காலிச் சுவரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“எங்கம்மாவை நேராக்கறதுக்கு நான் வரலை சார். படம் காட்ட வந்தேன். பார்த்துட்டீங்க.”

தாளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

அந்த வருடம் இடம் லீடருக்குப் போனது.

பஸ்ஸில் யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன். முன்சீட்டிலிருந்து மிஸ் திரும்பினார்.

“ஒரே ஒரு கோடு. விட்டிருந்தா குறைஞ்சா போயிருப்பே? அவரையே எதிர்த்துப் பேசற அளவுக்கு நீ யாரு?”

“வரைஞ்சவ, மிஸ்.”

லீடர் பின்னாலிருந்து கத்தினான். “ரப்பர், நான் அங்க தூரிகை கழுவும்போது உன்னை நெனச்சுக்கறேன்!”

“உன் படத்துல மீதிக் காலையும் அவரையே போடச் சொல்லுடா,” என்றாள் இவள், திரும்பிப் பார்க்காமல்.

கடைக்கு நானும் கூடப் போனேன். அம்மா ஒரு பேன்ட்டின் கால்மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“கையில என்னடி, ரத்தமா?”

“இல்லம்மா. பெரிய ஓவியர் போட்ட கோடு.”

“இடம் கிடைச்சுதா?”

“இல்ல. உன் தாடையை நேராக்கறேன்னார். விடமாட்டேன்னுட்டேன்.”

மிஷின் நின்றது. “அதுக்கா விட்டுட்டு வந்தே? அறிவு கெட்டவளே! நேராக்கினா ஆக்கிட்டுப் போறார். எனக்கென்ன வலிக்கவா போகுது?”

“எனக்கு வலிக்கும்.”

“இனிமே என் வெள்ளைத் துணியில கரியைப் பூசிக்கிட்டு இங்கயே கிட!”

ரப்பர் தாளை விரித்து, சுவரில் நூல்கண்டு மாட்டும் ஆணிகளுக்குக் கீழே, தெருவைப் பார்த்து நான்கு மூலையிலும் ஊசி குத்தினாள். அம்மா, “கழட்டு அதை, ஆளுங்க வர்ற இடம்” என்றார். அவள் உள்ளே போய்விட்டாள். அம்மாவும் எழுந்து கழட்டவில்லை. கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அப்போது பேன்ட்டுக்காரர் வந்தார். “பிரிச்சாச்சாக்கா?” என்று கேட்டவரின் கண் சுவருக்குப் போனது. “யாருக்கா இது? உங்க பொண்ணு வரைஞ்சதா? நல்லாத்தான் இருக்கு. மூஞ்சிதான் கொஞ்சம் கோணிப்போச்சு.”

அம்மா ஸ்டூலோடு திரும்பினார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் முழு முகமும் கடை வாசலைப் பார்த்தது.

“கோணலா? நல்லாப் பாருங்க. நான்தான் அது.”

பேன்ட்டுக்காரருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“பார்த்தாச்சா? இப்ப சொல்லுங்க, பேன்ட் காலை எவ்வளவு ஏத்தணும்?”